பங்காளியா, தகவலாளியா?



ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஸ்காலர்ஷிப் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். செவனிங், ஃபுல்பிரைட், காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ‘முழு உதவித்தொகை, நம் பிள்ளைகளுக்குப் பகிருங்கள்’ என்ற வரியோடு நாமும் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவோம். தள்ளிவிட்ட நம்மில் எத்தனை பேர் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பார்த்தோம் என்பது வேறு கதை.

இதே காலத்தில் இன்னொரு வகைப் பணமும் கண்டம் விட்டுக் கண்டம் நகர்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று, தில்லியிலோ பெங்களூரிலோ உள்ள நிறுவனம் ஒன்று, சில நேரம் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று எனச் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வுகளுக்கும் கூட்டுப் படிப்புகளுக்குமான பணம் அது. அதைப் பற்றி நம் குழுக்களில் யாரும் பகிர்வதில்லை. ஆனால் அந்தப் பணம்தான் கேள்வித்தாளோடும் டேப்லெட்டோடும் நம் காலனிக்குள் வந்துபோகிறது. நம்மில் ஒருவர் வெளிநாடு போவதும், வெளிநாட்டு ஆய்வு நம் தெருவுக்கு வருவதும் இரண்டு தனி விஷயங்களாகத் தெரிகின்றன. இரண்டின் விதிகளையும் எடுத்துப் படித்தால் ஒரே கேள்விதான் எழுகிறது. இந்த விதியை எழுதியவர்கள் யாரை மனதில் வைத்து எழுதினார்கள்?

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்குக் கொடுத்த உதவித்தொகையில்தான் அண்ணல் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பணத்தில் என்ன படித்தார்? எம்.ஏ. பட்டத்துக்குப் பண்டைய இந்திய வணிகத்தைப் பற்றி எழுதினார். 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை என்பதும், பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டதும் நமக்குத் தெரிந்த வரலாறு. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, ஒரு பார்சி நண்பரிடம் வாங்கிய கடன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டுதான் 1920இல் மறுபடி லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

இதை ஒரு மாமனிதரின் விடாமுயற்சியாகவே மேடைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். நிதியின் வரலாறாகவும் இதைப் படிக்க வேண்டும். சாதியைப் பற்றி எழுதாதே என்று சொல்லாத ஒரு பணம், சாதியைப் பற்றி இன்றுவரை படிக்கப்படும் ஒரு கட்டுரைக்கு வழிவிட்டது. அந்தப் பணம் நின்றபோது அண்ணலே மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டி வந்தது.

இன்று நம் அரசு தரும் பணத்துக்கு வருவோம். நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் 1954-55இல் தொடங்கப்பட்டது. இப்போது ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. மீதி, சீர்மரபினருக்கும் நாடோடிச் சமூகங்களுக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 20 கோடிப் பேர். 20 கோடிப் பேருக்கு 115 இடங்கள். அந்த 115க்குள்ளும் நுழைய வயது 35க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், தகுதித் தேர்வில் 60 சதவீதம், சேரும் பல்கலைக்கழகம் க்யூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் என்று அடுக்கடுக்காக நிபந்தனைகள். தலித் கிறித்தவர்களுக்கு இந்தக் கதவு இல்லவே இல்லை. 1950ஆம் ஆண்டு ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

இவற்றையெல்லாம்கூட ஏதோ ஒரு கணக்கு என்று தள்ளிவிடலாம். 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகளைத் தள்ளிவிட முடியாது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளில் வெளிநாட்டில் படிக்க இந்த உதவித்தொகை கிடையாது என்று அதில் எழுதினார்கள். இந்தியாவைப் பற்றிய ஆய்வை இந்தியாவிலேயே செய்யலாமே என்பது சொல்லப்பட்ட நியாயம். நல்லது. அப்படியானால் ‘இந்தியாவில் சாதிகள்’ எழுத நினைக்கும் ஒரு மாணவிக்கு இன்று இந்தத் திட்டத்தில் இடமில்லை. அம்பேத்கரின் சமூகத்துப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை, அம்பேத்கர் எழுதியதை எழுத மட்டும் உதவாது! அதே வேளையில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அவருடைய நாட்டின் நிதியோடு வந்து நம் தெருவில் உட்கார்ந்து சாதியைப் பற்றி ஆராயத் தடையில்லை. சாதியை அனுபவிப்பவர் அதை உலக அரங்கில் ஆராயக் கூடாது, அவரிடம் கேட்டு எழுதுபவர் ஆராயலாம் என்பதுதான் இந்த விதியின் நடைமுறைப் பொருள்.

2025 ஜூலையில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் ஆணை கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் தருகிறோம் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கப்போகும் ஒருவருக்கு, கையிலிருக்கும் வேலையை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கழியும் அந்த வாரங்கள் என்ன செய்யும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. மனமாரப் பாராட்டுகிறோம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள், அங்கே சரியான பதில் கிடைக்கவில்லையென்றால் சென்னைக்கு எழுதுங்கள். முதல் மறுப்போடு திரும்பிவிடாதீர்கள்.

இப்போது வெளிநாட்டவர் நேரடியாகத் தரும் உதவித்தொகைகள். எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்பு நல்ல வாய்ப்பு என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம், கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். ஆனால் அந்த 1,400க்குள்தான் விமானக் கட்டணமும் விசாச் செலவும் அடக்கம். அங்கே போய்ச் சேர்ந்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகே பணம் கைக்கு வருகிறது. அதுவரைக்கும்? ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதவே பதினேழு பதினெட்டாயிரம் ரூபாய். அதன்பின் பாஸ்போர்ட், சான்றிதழ் சரிபார்ப்பு, விசா நேர்காணலுக்கு மும்பைக்கோ தில்லிக்கோ பயணம், விமான டிக்கெட், அங்கே வீட்டு முன்பணம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்று கேட்டு ஆசையோடு போனால், உதவித்தொகை இல்லாதவர் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் கிட்டத்தட்ட 12 லட்சம். பிரிட்டனுக்கு மாணவராகப் போனால் மருத்துவக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 776 பவுண்டு, அதையும் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முழுக் காலத்துக்கும் கட்ட வேண்டும்.

‘முழு உதவித்தொகை’ என்ற சொல்லில் இந்த முதல் இரண்டு மாதம் இல்லை. அந்த இரண்டு மாதத்தை வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அப்பாவின் சேமிப்பில் கடக்கிறது. நம் வீட்டில் அம்மாவின் தோடும், சுயஉதவிக் குழுக் கடனும், வட்டிக்காரரும்தான். இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிட்ட பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை, ‘சேரவில்லை’ என்று ஒரு பெட்டியில் குறியிட்டுவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால், நம் சங்கங்களும் அரசு ஊழியர் அமைப்புகளும் செய்ய வேண்டிய முதல் வேலை ஏப்ரல் 14 பேனருக்கு ஆகும் செலவில் பாதியை எடுத்து, வட்டியில்லாத முன்பணச் சுழல்நிதி ஒன்றை வைப்பதுதான். ஒரு பிள்ளைக்கு இரண்டரை லட்சம், போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தில் திருப்பித் தரட்டும். அடுத்த பிள்ளைக்கு ஆகும்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2001இல் ஃபோர்டு அறக்கட்டளை 28 கோடி டாலர் ஒதுக்கி சர்வதேச ஃபெல்லோஷிப் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்த அறக்கட்டளை அதுவரை ஒரே திட்டத்துக்கு ஒதுக்கியதில் மிகப் பெரிய தொகை அது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ரஷ்யா என 22 நாடுகளில் 2013 வரை நடந்து, 4,300க்கும் மேற்பட்டோரை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் அனுப்பியது. இந்தியாவில் தலித்துகள், பழங்குடியினர், பெண்கள், பின்தங்கிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள் எனத் தேடிப் பிடித்தார்கள். உயர்கல்விக்கு வழியே இல்லாத சமூகத்தில் இருந்து வந்தவரா, அந்தச் சமூகத்துக்காக என்ன செய்திருக்கிறார் என்பதை மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்த்தார்கள். தேர்வுக் குழு அந்தந்த நாட்டிலேயே இருந்தது. வயது வரம்பு இல்லை. ஆங்கிலம் வராவிட்டால் ‘தகுதியில்லை’ என்று திருப்பி அனுப்பவில்லை. தேர்ந்தெடுத்த பிறகு ஆங்கிலமும் கணினியும் ஆய்வு முறையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். பலரும் வெளிநாட்டிலேயே தங்கிவிடுவார்கள் என்ற பயமும் பொய்யானது. பெரும்பாலோர் சொந்த நாட்டுக்கே திரும்பினார்கள்.

ஆங்கிலத்தைத் தகுதியாக வைப்பதற்கும் பயிற்சியாக வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். முதலாவதில் கான்வென்ட் முன்னால் போகிறது, இரண்டாவதில் அரசுப் பள்ளியும் போட்டிக்கு வருகிறது. நிதி தருபவர் நினைத்தால் விதியை மாற்றி எழுத முடியும் என்று அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் காட்டின. ஃபோர்டு ஒன்றும் நம் சொந்தக்காரர் இல்லை. தனியார் பணம், அவர்கள் தொடங்கினார்கள், அவர்களே முடித்துக்கொண்டார்கள். அந்த அளவில் அதற்கு ஈடான ஒன்று பிறகு வரவில்லை என்பதுதான் நம் கவலை.

கூட்டு ஆய்வுகளின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். இந்திய அரசின் ‘ஸ்பார்க்’ திட்டம் 2018இல் 418 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. இந்தியக் கல்வி நிறுவனங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆய்வு செய்ய, பேராசிரியர்களும் மாணவர்களும் போய்வரப் பணம். தொடங்கியபோது யார் விண்ணப்பிக்கலாம் என்றால், என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் இருக்கும் நிறுவனங்கள். சென்னை மாநிலக் கல்லூரி போன்ற சில அரசுக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் மேலே இருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் விழுப்புரம், கடலூர், பெரம்பலூர் பக்கத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் அரசு கலைக் கல்லூரி எதில் இருக்கிறது? அங்கே பாதி ஆசிரியர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஆய்வுக் கூடம் இல்லாததால் தரவரிசை இல்லை, தரவரிசை இல்லாததால் ஆய்வு நிதி இல்லை. மேலே இருப்பவர் இன்னும் மேலே போகிறார். இதற்குப் பெயர் ‘சிறப்புத் தகுதி’. மெரிட் என்று எங்கோ கேட்ட குரல் மாதிரியே இருக்கிறது.

எனவே நமக்கு மிஞ்சுவது களம். நாங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக வட மாவட்டங்களில் வேலை செய்கிறோம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது இப்படி ஒரு மின்னஞ்சல் வரும்: ‘வெள்ளிக்கிழமை கடைசி நாள், உங்கள் லெட்டர்ஹெட்டில் ஓர் ஆதரவுக் கடிதம் வேண்டும், மாதிரி இணைத்திருக்கிறோம்.’ விண்ணப்பத்தை முழுதாகக் காட்டச் சொன்னால், அது ரகசியம் என்பார்கள். நாம் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த விண்ணப்பத்தில் நாம் ‘சமூகப் பங்குதாரர்’ ஆகிவிடுவோம். ‘விளிம்புநிலை மக்களின் பங்கேற்பு’ என்ற தலைப்பில் அதற்கு மதிப்பெண் உண்டு. நிதி வந்ததும் வீடு வீடாக அழைத்துப் போவது, மொழிபெயர்ப்பது, கேள்விக்குக் கோபப்படும் பெரியவரைச் சமாதானம் செய்வது எல்லாம் நம் வேலை. கொஞ்சம் பயணப்படி கிடைக்கும்.

ஒருமுறை, பெயர் வேண்டாம், ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் எங்கள் குழுப் பெண்கள் நான்கு மாதம் நேர்காணல் எடுத்தார்கள். இரண்டாண்டு கழித்து வந்த கட்டுரையில் ஐந்து ஆசிரியர்கள், ஒருவர்கூட அந்தப் பெண்களில் இல்லை. நன்றியுரையில் ‘உள்ளூர்க் களப்பணியாளர்கள்’ என்று ஒரு வரி. கட்டுரையைப் படிக்கப் பணம் கட்டச் சொன்னது இணையதளம். நேர்காணல் கொடுத்த அம்மாக்கள் இன்றும் கேட்கிறார்கள், ‘எங்ககிட்ட எழுதிக்கினு போனீங்களே, அது என்னாச்சு?’

பங்காளி என்றால் நம் ஊரில் சொத்தில் பங்கு கேட்க உரிமையுள்ளவர் என்று பொருள். ‘பார்ட்னர்’ என்று நம்மை அழைப்பவர்கள் அந்தத் தமிழ்ப் பொருளில் அழைப்பதில்லை. தகவல் கொடுப்பவராகவே வைத்திருக்கிறார்கள்.

இதில் நம் அரசின் சட்டமும் ஒரு கை சேர்க்கிறது. வெளிநாட்டு நிதி வாங்க ஒரு தொண்டு அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். பதிவுக்கு மூன்றாண்டு வயதும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் வேண்டும். மாத நன்கொடையில் இரவுப் பாடசாலை நடத்தும் அமைப்பு அந்தக் கணக்கை எங்கே காட்டும்? முன்பு, பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்று பணம் வாங்கி, அதேபோல் பதிவுள்ள சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தர முடிந்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அதையும் தடை செய்தது. நிர்வாகச் செலவை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததும் அதே திருத்தம்தான். ஆக, வெளிநாட்டுப் பணம் பெரிய நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. சிறிய தலித் அமைப்பு சட்டப்படியே சம்பளமில்லாத பங்குதாரர்.

நேர்மையான ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். களப்பணியாளரை இந்தியப் பல்கலைக்கழகமே திட்ட உதவியாளராக நேரடியாக நியமித்து மாதச் சம்பளம் கொடுக்கலாம். விருப்பம் இருந்தால் போதும். ஆகவே அடுத்த ஆதரவுக் கடிதம் கேட்டு வரும்போது நாம் கேட்க வேண்டியவை உண்டு. முழு விண்ணப்பத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் காட்டுங்கள். எங்கள் ஆட்களுக்கு எந்தத் தலைப்பில், மாதம் எவ்வளவு? கட்டுரையில் பெயர் யார் யாருடையது என்பதை இப்போதே எழுதிக்கொள்வோம். திரட்டிய தகவலின் ஒரு பிரதி எங்களிடம் இருக்கும், முடிவுகள் தமிழில் ஊர்க் கூட்டத்தில் படிக்கப்படும். ஆய்வுக் கேள்வியை வடிவமைக்கும் கூட்டத்தில் எங்களில் ஒருவர் இருப்பார். இதற்கு ஒப்புக்கொள்ளாதவருக்குக் கடிதம் இல்லை. நாம் மறுத்தால் பக்கத்து அமைப்பு கொடுத்துவிடும் என்ற பயம் எங்களுக்கும் உண்டு. அதனால்தான் இதை எல்லா அமைப்புகளும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறோம்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. உதவித்தொகைக் கட்டுரைகளில் ‘உங்கள் பின்னணியைச் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். பாட்டி மலம் அள்ளியது, அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தது என்று நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். திருத்திக் கொடுப்பவர்கள் ‘இன்னும் கொஞ்சம் சேர்’ என்கிறார்கள். அழ வைத்தால்தான் பணம் என்று நம்ப வைத்துவிட்டார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை தன் ஆய்வுக் கேள்வியை எழுதுகிறது, நம் பிள்ளை தன் காயத்தை எழுதுகிறது. அப்புறம் தேர்வாகும்போதும் இரக்கத்தில் வந்தவர் என்ற பெயர். பின்னணியை நான்கு வரியில் உண்மையாகச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மீதி இடம் முழுக்க நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள், ஏன் அதை உங்களால் மற்றவரைவிட நன்றாகக் கேட்க முடியும் என்பதற்கு. 1916இல் அந்தக் கருத்தரங்கில் அண்ணல் தன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைப் பற்றிப் பேசவில்லை. அகமண முறை சாதியை எப்படி உருவாக்குகிறது என்று பேசினார்.

பெரிய அமைப்புகளின் நிதியில்தான் கண்டங்கள் சந்திக்க வேண்டும் என்றும் இல்லை. 1946இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதன் பிரதி வேண்டும் என்று அண்ணல் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். தரவரிசை கேட்காமல் நடந்த கூட்டு முயற்சி அது. உங்கள் தலைப்பில் வேலை செய்யும் தென்னாப்பிரிக்கரோ பிரேசில்காரரோ ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதக் காசு செலவில்லை.

இந்த ஆண்டு செய்யக்கூடிய இரண்டு காரியங்களைச் சொல்லிவிடுகிறோம். செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதில் சம்பளமில்லாத தன்னார்வப் பணியும் சேரும். பட்டம் வாங்கிய பிறகு மாலைநேரப் பயிற்சி மையத்தில் வாரம் 15 மணி நேரம் நான்காண்டு பாடம் எடுத்தவரிடம் அந்தக் கணக்கு கிட்டத்தட்ட இருக்கிறது. ஆனால் தேதியும் மணி நேரமும் போட்ட சான்று இல்லாததால் விட்டுவிடுகிறோம். மையம் நடத்தும் தோழர்கள் இன்றே ஒரு வருகைப் பதிவேடு வையுங்கள். விதிகள் மாறும், அந்த ஆண்டின் அறிவிப்பையே படியுங்கள்.

இரண்டாவது, அரசுக் கல்லூரிகளிலும் சிறிய உதவிபெறும் கல்லூரிகளிலும் வேலை செய்யும் நம் பேராசிரியர்களுக்கு. எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் உயர்கல்வித் திறன் வளர்ப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன் முதல் பிரிவு, இதுவரை சர்வதேசத் திட்டங்களில் அனுபவமில்லாத கல்லூரிகளை உள்ளே கொண்டுவரவே வைக்கப்பட்டது. ஒரு திட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு லட்சம் யூரோ, இரண்டோ மூன்றோ ஆண்டுகள். இந்தியக் கல்லூரிகள் சேரலாம். இதற்கு என்.ஐ.ஆர்.எஃப். இடம் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையதளத்தில் பி.ஐ.சி. எனப்படும் பதிவு எண்ணைக் கட்டணமின்றி எடுக்கலாம். விண்ணப்பக் கடைசி நாள் பெரும்பாலும் பிப்ரவரியில் வருகிறது. கூட்டாளிகளைச் சேர்க்க ஆறு மாதமாவது பிடிக்கும். முதல்வரிடம் பேசி எண்ணை எடுத்துவிட்ட கல்லூரிகள் எங்களுக்குத் தெரிவியுங்கள். எந்தெந்தக் கல்லூரி என்று பட்டியல் போட்டு, ஐரோப்பாவில் படித்துக்கொண்டிருக்கும் நம் தோழர்கள் வழியாக அங்குள்ள துறைகளுக்கு எழுதத் தொடங்குகிறோம்.